ரபமைசின்: ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு மருந்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

நுண்ணுயிரிகளிடமிருந்து மருந்து கிடைத்த வரலாற்றைப் பெனிசிலினிலிருந்து தொடங்குவது நம் பாடநூல்களின் வழக்கம். கவனிக்காமல் விட்ட தட்டில் பூஞ்சை படர்ந்தது, அதைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்தது, மருந்து பிறந்தது என்று அந்தக் கதை நேர்கோட்டில் செல்லும். உண்மையில் இத்துறையின் சேர்மங்களில் பல அவ்வாறு மருந்தானவை அல்ல. எதற்காகத் தேடப்பட்டனவோ அதற்குப் பயன்படாமல், ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்து, வேறொரு கேள்வியோடு வந்தவர்களின் கையில் மருந்தானவை உண்டு. அவற்றுள் நன்கு பதிவாகியுள்ள ஒன்று ரபமைசின். மருத்துவர்கள் இன்று சிரோலிமஸ் என்று எழுதித் தருவது இதைத்தான். பூஞ்சைக்கு எதிரான மருந்தாகக் கண்டறியப்பட்ட இச்சேர்மம் எந்தக் குறைக்காக ஒதுக்கப்பட்டதோ, அந்தக் குறையே பின்னர் அதன் மருத்துவப் பயனாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது, இடையில் அச்சேர்மம் எவ்வாறு இழக்கப்பட இருந்தது, அதன் பலன் யாருக்குச் சென்றது, யாருக்குச் செல்லவில்லை என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது.

மண் எடுக்கப்பட்ட சூழல்

1964 நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கேப் ஸ்காட் என்னும் கடற்படைக் கப்பல் ஈஸ்டர் தீவுக்குப் புறப்பட்டது. மெக்கில் பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டான்லி ஸ்கோரினா அதில் சென்ற மருத்துவ ஆய்வுக் குழுவின் தலைவர். சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் கடலின் நடுவே இருந்த அத்தீவில் அப்போது ஏறக்குறைய ஆயிரம் பேரே வாழ்ந்தனர். அங்கு விமான நிலையம் அமையவிருந்தது. வெளியுலகத் தொடர்பு பெருகுவதற்கு முன் மக்களின் உடல்நிலை, மரபுக்கூறுகள், தாவரங்கள், நுண்ணுயிரிகள் ஆகிய அனைத்தையும் ஒருமுறை முழுமையாகப் பதிவு செய்து வைத்தால் பிற்பாடு வரும் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது ஸ்கோரினாவின் எண்ணம்.

அக்குழுவில் இருந்த மான்ட்ரியல் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் நோக்ராடி ஒரு தனிக் கேள்வியோடு சென்றிருந்தார். தீவில் குதிரைகள் மிகுதி. மக்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடப்பவர்கள். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் டெட்டனஸ் வித்துகள் இருப்பது இயல்பு என்பதால் அங்கு டெட்டனஸ் நோய் மலிந்திருக்க வேண்டும். ஆனால் அது காணப்படவில்லை. காரணம் அறிய, அவர் தீவை 67 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் மண் எடுத்தார். அந்த 67 மாதிரிகளில் ஒன்றில் மட்டுமே டெட்டனஸ் வித்துகள் இருந்தன. நோக்ராடியின் கேள்விக்கு விடை கிடைத்ததோடு அந்த மண்ணின் வேலை முடிந்திருக்கலாம். ஆனால் எஞ்சிய மாதிரிகள் 1969-இல் மான்ட்ரியலில் இருந்த ஆயர்ஸ்ட் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்றன. திட்டமிட்டுச் சேகரித்து, முறையாகக் குறித்து, தூக்கி எறியாமல் வைத்திருந்ததே இந்நிகழ்வின் முதற்படி. இதைத் தற்செயல் என்று சொல்லிக் கடப்பது சேகரித்தவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

அக்காலத்தில் தீவு சிலியின் கடற்படை ஆட்சியில் இருந்தது. ராபா நூயி எனப்படும் அத்தீவின் பூர்வகுடிகள் அனுமதியின்றித் தீவை விட்டு வெளியேற இயலாது. அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. கனடியக் குழு அங்கிருந்த அதே வாரங்களில் அல்ஃபோன்சோ ராப்பு என்னும் இளம் பள்ளி ஆசிரியரின் தலைமையில் மக்கள் உரிமை கோரி எழுந்தனர். 1966-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் அவர்களுக்கு முழுக் குடியுரிமையை வழங்கியது. ரத்த மாதிரியும் உடற்பரிசோதனையும் தந்து ஆய்வுக்கு உடன்பட்டவர்கள் இத்தகைய நிலையில் இருந்தவர்கள் என்பதை மருந்தின் வரலாற்றை எழுதியோர் நெடுங்காலம் குறிப்பிடவே இல்லை. கதை பெரும்பாலும் ஆயர்ஸ்ட் ஆய்வகத்தின் வாசலிலிருந்தே தொடங்கிச் சொல்லப்பட்டது.

கண்டறிதலும் கைவிடலும்

ஆயர்ஸ்ட் ஆய்வகத்தில் கிளாட் வெசினாவும் சுரேந்திரநாத் சேகலும் மண் நுண்ணுயிரிகளைப் பிரித்தெடுத்துச் சோதித்து வந்தனர். சேகல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஷாப்பில் 1932-இல் பிறந்தவர். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்று, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முனைவர் பட்டம் பெற்று, கனடா சென்றவர். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து அவர்கள் பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்னும் பாக்டீரியா, கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளைச் சுரந்தது. பாக்டீரியாக்களை அப்பொருள் ஒன்றும் செய்யவில்லை. 1972-இல் தூய நிலையில் பிரிக்கப்பட்ட அச்சேர்மத்துக்குத் தீவின் பெயரையொட்டி ரபமைசின் என்று பெயரிட்டு, 1975-இல் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர்.

பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுக்கு அன்று பெரும் தேவை இருந்தது. ஆம்போடெரிசின்-பி உயிர்காக்கும் மருந்தாயினும் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. ஆகவே ரபமைசின் மீது நம்பிக்கை வைக்கப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் 1977-இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எலிகளில் நடத்திய சோதனைகள், அச்சேர்மம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலை ஒடுக்குவதைக் காட்டின. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையே கேண்டிடா போன்ற பூஞ்சைகள் கடுமையாகத் தாக்குகின்றன என்பதால், அந்த ஆற்றலை மேலும் குறைக்கும் ஒரு பொருளைப் பூஞ்சை நோய்க்கு மருந்தாகத் தர இயலாது. பூஞ்சை மருந்து என்ற அளவில் ரபமைசினின் கதை அங்கேயே முடிந்தது.

சேகல் விடவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினார். திடக்கட்டிகளின் வளர்ச்சியை அது தடுப்பதாக அங்கிருந்து முடிவு வந்தது. எனினும் நீரில் எளிதில் கரையாத அம்மூலக்கூற்றை ஊசிவழி செலுத்தும் வடிவில் தயாரிப்பது கடினமாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஆயர்ஸ்ட் தன் மான்ட்ரியல் ஆய்வகத்தை மூடி, அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு மாற்றியபோது, முன்னுரிமை இல்லாத திட்டங்கள் கைவிடப்பட்டன. ரபமைசினும் அவற்றுள் ஒன்று. இடமாற்றத்துக்கு முன் சேகல் அப்பாக்டீரியாவை இறுதியாக ஒருமுறை வளர்த்து, சிறு குப்பிகளில் அடைத்து, தம் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காத்தார் என்றும், உண்ணக் கூடாது என்று அதன்மீது எழுதி வைத்திருந்தார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தைக் காட்டும் இச்செய்தி பலரால் விரும்பிச் சொல்லப்படுகிறது. ஆனால் ஓர் ஆய்வகம் இடம்மாறும்போது அதன் நுண்ணுயிரி இனங்கள் என்னவாகும் என்பதற்கு நிறுவனத்திடம் ஏற்பாடே இல்லை என்பதையும் அது காட்டுகிறது. அவ்வாறு காக்க யாரும் இல்லாததால் அழிந்த இனங்களைப் பற்றி எழுத எவருக்கும் வாய்ப்பில்லை.

மறுவாழ்வு

1980-களில் உறுப்பு மாற்று மருத்துவம் வளர்ந்துகொண்டிருந்தது. மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளே அதற்குத் தேவைப்பட்டன. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் அத்தகைய மருந்து 1983-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1984-இல் ஜப்பானின் ஃபுஜிசாவா நிறுவனம், சுக்குபா மண்ணில் வாழும் மற்றொரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்திலிருந்து அதே வகைப் பொருளான டாக்ரோலிமஸைக் கண்டறிந்தது. அதன் மூலக்கூற்று அமைப்பு வெளியானபோது, அதன் ஒரு பகுதி ரபமைசினை அப்படியே ஒத்திருந்தது தெரிந்தது. ஆயர்ஸ்ட் 1987-இல் வைத் நிறுவனத்தோடு இணைந்திருந்தது. புதிய நிருவாகத்தைச் சேகல் இணங்கவைத்து, ஆய்வை மீண்டும் தொடங்கினார். 1989-இல் கேம்பிரிட்ஜின் ராய் கால்ன் குழுவும் ஸ்டான்ஃபோர்டின் ராண்டல் மாரிஸ் குழுவும், மாற்றப்பட்ட உறுப்புகளை விலங்குகளின் உடல் நிராகரிக்காமல் ரபமைசின் காப்பதைத் தனித்தனியே காட்டின. 1977-இல் திட்டத்தை முடக்கிய அதே செயல்தான் இது. மாறியது சேர்மம் அன்று, அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி.

1977-ஆம் ஆண்டின் முடிவைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. பூஞ்சை மருந்துக்கான அளவுகோலின்படி அது சரியான முடிவுதான். ஆனால் ஒரு சோதனையில் தோற்ற சேர்மத்தை வேறு துறையினரின் பார்வைக்கு வைக்கும் வழி நிறுவனத்துக்குள் இல்லாததால் ஏறத்தாழ பத்தாண்டுகள் வீணாயின.

செயல்படும் முறை

ரபமைசின் உடலில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை தந்தது ஒருசெல் பூஞ்சையான ஈஸ்ட். பூஞ்சையைத் தடுக்கும் பொருள் என்பதால் ஈஸ்டில் அதன் இலக்கைத் தேடுவது பொருத்தமாகவும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசப் ஹைட்மேன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் ஆகியோர் ரபமைசினைத் தாங்கி வளரும் ஈஸ்ட் வகைகளைப் பிரித்து, அவற்றில் எந்த மரபணுக்கள் மாறியிருக்கின்றன என்று பார்த்தனர். சிலவற்றில், ரபமைசின் சென்று ஒட்டும் எஃப்.கே.பி.பி. என்னும் சிறு புரதமே இல்லை. இருந்தும் அவை நலமாக வளர்ந்தன. ஆகவே அப்புரதத்தை முடக்குவதால் மருந்து வேலை செய்யவில்லை; அப்புரதத்தோடு சேர்ந்தே வேறொன்றைத் தாக்குகிறது என்பது தெளிவாயிற்று. அந்த வேறொன்றைக் குறிக்கும் இரண்டு மரபணுக்களுக்கு 1991-இல் டார்-1, டார்-2 என்று பெயரிட்டனர். 'ரபமைசினின் இலக்கு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே டார். 1994-இல் பாலூட்டிகளில் அதற்கு இணையான புரதத்தை மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அதுவே இன்று எம்-டார் எனப்படுகிறது.

எம்-டார் ஒரு நொதி. அமினோ அமிலங்கள் போதுமான அளவு உள்ளனவா, இன்சுலின் போன்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் வருகின்றனவா, ஆற்றல் இருப்பு எவ்வளவு என்பவற்றை அறிந்து, செல் வளரலாமா, காத்திருக்க வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கிறது. உணவு உள்ளபோது புரதத் தயாரிப்பு விரைவுபடும். இல்லாதபோது செல் தன் பழைய உறுப்புகளைச் சிதைத்து மறுபயன்படுத்தும். ரபமைசின் முதலில் எஃப்.கே.பி.பி.யோடு இணைந்து, அந்தக் கூட்டு எம்-டாரின் மீது அமர்ந்து அதன் பணியைத் தடுக்கிறது. நோய் எதிர்ப்பில் பங்கேற்கும் டி-செல்கள் பெருகுமாறு வரும் சமிக்ஞை இதனால் பயனற்றுப் போகிறது. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கால்சினியூரின் என்னும் வேறொரு புரதத்தைத் தடுத்து அந்தச் சமிக்ஞை உருவாவதையே நிறுத்துகின்றன. ரபமைசின், சமிக்ஞை வந்தபின் செல் அதற்குச் செவிசாய்க்காமல் செய்கிறது.

இங்கிருந்து பின்னோக்கிப் பார்த்தால், பூஞ்சை மருந்தாக அது தோற்றதன் காரணமும் விளங்கும். ஆம்போடெரிசின்-பி தாக்கும் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள், பூஞ்சையின் செல் சவ்வில் உள்ளது. மனிதச் செல்லில் அதற்குப் பதில் கொலஸ்ட்ரால் உள்ளது. அந்த வேறுபாடே அம்மருந்துக்கு இடம் தருகிறது. டார் புரதமோ ஈஸ்ட் முதல் மனிதன் வரை ஏறத்தாழ மாறாமல் வந்திருக்கிறது. பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தும் பொருள் நம் செல்களின் வளர்ச்சியையும் நிறுத்தியே தீரும். பாக்டீரியாக்களில் டார் இல்லை என்பதால், ரபமைசினைச் சுரக்கும் பாக்டீரியாவுக்கு அதனால் தீங்கில்லை. மண்ணில் தன்னோடு போட்டியிடும் பூஞ்சையைத் தடுக்க அது இச்சேர்மத்தைச் சுரந்திருக்கலாம் என்பது பொருத்தமான ஊகம்.

அப்பாக்டீரியா இதைக் கட்டும் முறையும் குறிப்பிடத்தக்கது. 51 கார்பன் அணுக்களும், 31 அணுக்கள் கொண்ட ஒரு பெரிய வளையமும் உடைய இம்மூலக்கூற்றை, மூன்று மிகப்பெரிய புரதங்களில் வரிசையாக அமைந்த 14 அலகுகள் உருவாக்குகின்றன. கார் தொழிற்சாலையில் வண்டி ஒவ்வொரு நிலையமாக நகர்ந்து உருப்பெறுவதுபோல், வளரும் சங்கிலி ஓர் அலகிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் செல்கிறது. முடிவில் பிப்பெகோலிக் அமிலம் சேர்ந்து வளையம் மூடுகிறது. இதற்கான மரபணுத் தொகுதியின் வரிசையைக் கேம்பிரிட்ஜின் பீட்டர் லெட்லே குழுவினர் 1995-இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1993-இல், வேதியியலாளர்கள் இதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டியிருந்தனர். இருந்தும் இன்றுவரை இம்மருந்து தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்தே தயாரிக்கப்படுகிறது.

மருத்துவப் பயன்: எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

1999 செப்டம்பரில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் சிரோலிமஸுக்கு ஒப்புதல் அளித்தது. கால்சினியூரினைத் தடுக்கும் மருந்துகள் நாளடைவில் சிறுநீரகத்தையே பாதிப்பதால், அந்தப் பாதிப்பு இல்லாத மாற்று கிடைத்துவிட்டதாகப் பலர் கருதினர். அனுபவம் அவ்வளவு இனிமையாக இல்லை. காயம் ஆறுவதில் தாமதம், வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு உயர்வு, சிறுநீரில் புரதம் வெளியேறுதல், நுரையீரல் அழற்சி ஆகியவை தோன்றின. புதிதாகக் கல்லீரல் மாற்றியவர்களுக்குக் கல்லீரல் தமனி அடைப்பும், நுரையீரல் மாற்றியவர்களுக்கு மூச்சுக்குழாய்த் தையல் பிரிதலும் நேர்ந்ததால், மருந்தின் விவரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற்றது. செல் வளர்ச்சியை நிறுத்தும் பொருள் அறுவைக் காயத்தின் புதுச் செல்களை மட்டும் விட்டுவைக்காது என்பதை முன்கூட்டியே ஊகித்திருக்கலாம். 1,645 சிறுநீரக மாற்று நோயாளிகளைக் கொண்டு நடந்து 2007-இல் வெளியான சிம்ஃபனி ஆய்வில், குறைந்த அளவு டாக்ரோலிமஸே சிறந்த பலன் தந்தது; சிரோலிமஸ் பிரிவில் உறுப்பு நிராகரிப்பு மிகுதியாக இருந்தது. எனவே தன் முதல் ஒப்புதலுக்குரிய துறையிலேயே சிரோலிமஸ் இன்று பெரும்பாலும் முதல் தேர்வு அன்று.

அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து வைக்கப் பொருத்தும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டில் அதே பண்பு நன்மையாக மாறியது. வெறும் உலோக ஸ்டென்ட் வைத்த இடத்தில் தமனிச் சுவரின் தசைச் செல்கள் பெருகி, மீண்டும் அடைப்பை உண்டாக்குவது பெரும் சிக்கலாக இருந்தது. சிரோலிமஸ் பூசிய ஸ்டென்டைக் கொண்டு 238 நோயாளிகளிடம் நடந்து 2002-இல் வெளியான ராவெல் ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் மறு அடைப்பு சாதாரண ஸ்டென்ட் பெற்றவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. சிரோலிமஸ் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. பின்னர், வைத்து நெடுநாள் கழித்து ஸ்டென்டில் ரத்தம் உறையும் அபாயம் தெரியவந்ததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீண்ட காலம் தொடர வேண்டியதாயிற்று. அந்த முதல் ஸ்டென்டும் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆனால் இன்று நம் மருத்துவமனைகளில் பொருத்தப்படும் மருந்து பூசிய ஸ்டென்டுகளில் பெரும்பாலானவை சிரோலிமஸையோ அதன் வழிவந்த எவரோலிமஸ், ஸோட்டரோலிமஸையோ கொண்டவை. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு இத்தகைய ஸ்டென்டுகளுக்கு 29,600 ரூபாய் என உச்சவிலை விதித்தபோது இச்சேர்மத்தின் பயன் எளியோர்க்கும் சற்று அருகில் வந்தது.

புற்றுநோயில் சிறுநீரகப் புற்றுக்கு டெம்சிரோலிமஸ் 2007-லும் எவரோலிமஸ் 2009-லும் ஒப்புதல் பெற்றன. பல கட்டிகளில் அவை வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றனவே அன்றிக் கட்டியை அழிப்பதில்லை. இவற்றைவிட அறிவியல் தெளிவு மிக்கது, பெண்களையே பெரிதும் தாக்கும் லிம்ஃபாஞ்சியோலியோமயோமாடோசிஸ் என்னும் அரிய நுரையீரல் நோயின் நிகழ்வு. அந்நோயில், எம்-டாரைக் கட்டுக்குள் வைக்கும் மரபணு பழுதடைவதால் தசை போன்ற செல்கள் நுரையீரலில் பரவி அதைச் சிதைக்கின்றன. பழுது எங்கே என்பது தெரிந்தபின், அவ்விடத்திலேயே செயல்படும் மருந்து ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. 2011-இல் வெளியான ஆய்வில் 89 நோயாளிகள் பங்கேற்றனர். சிரோலிமஸ் எடுத்துக்கொண்ட ஓராண்டு முழுவதும் நுரையீரலின் திறன் குறையாமல் நின்றது, நிறுத்தியதும் மீண்டும் குறையத் தொடங்கியது. 2015-இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவே.

மூப்பைப் பற்றிய பேச்சுக்கு வேறு தொனி வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் மூன்று மையங்களில் ஒரே நேரத்தில் நடந்த ஆய்வில், 600 நாள் வயதுக்குப் பின் ரபமைசின் கலந்த தீனி பெற்ற எலிகளின் ஆயுள் ஆண்களில் 9, பெண்களில் 14 விழுக்காடு கூடியது. அத்தனை முதிய வயதில் தொடங்கியது திட்டமிட்டதன்று. மருந்தைத் தீனியில் கெடாமல் கலக்கும் வழி காணத் தாமதமானதே காரணம். முடிவு மெய்யானது, பலமுறை உறுதிசெய்யப்பட்டது. ஆனால் கூண்டில், நோய்க்கிருமி குறைந்த சூழலில் வளரும் எலியின் நிலை வேறு. சளி, காய்ச்சல், காயம் யாவும் எதிர்கொள்ளும் மனிதனின் நிலை வேறு. எம்-டாரைத் தடுக்கும் வேறொரு மருந்து முதியோரின் சுவாச நோய்களைக் குறைக்கும் என்று எதிர்பார்த்து நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வு 2019-இல் தோல்வியில் முடிந்தது. இளமைக்காக இம்மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்குவோர் இப்போது உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் உட்கொள்வது உறுப்பு மாற்று நோயாளிகளுக்கான எதிர்ப்பாற்றல் ஒடுக்கி என்பதை மருத்துவர்கள் மழுப்பாமல் சொல்ல வேண்டும். சேகலும் தமக்குப் பெருங்குடல் புற்று பரவிய நிலையில் ரபமைசினை உட்கொண்டார், 2003-இல் காலமானார். ஒருவரின் அனுபவத்திலிருந்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட இயலாது.

பலனில் பங்கு

இம்மருந்தும் அதன் வழித்தோன்றல்களும் ஈட்டிய பெரும் வருவாயிலிருந்து ராபா நூயி மக்களுக்குப் பங்கு தரப்படவில்லை. மண் எடுக்கப்பட்ட காலத்தில் அதைக் கோர எந்தச் சட்டமும் இல்லை. உயிரியல் வளங்கள் அந்தந்த நாட்டின் உரிமை என்பதை ஏற்ற பல்லுயிர் உடன்படிக்கை 1992-இல் உருவாகி 1993-இல் நடைமுறைக்கு வந்தது. பலனைப் பகிரும் முறைகளை வகுத்த நகோயா நெறிமுறை 2014-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவர் நம் மண்ணின் நுண்ணுயிரிகளை ஆய்வுக்கு எடுத்துச் செல்லச் சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இன்று ஒருவர் நீலகிரியின் மண்ணை நோக்ராடி போல் பெட்டியில் அடைத்து வெளிநாடு அனுப்ப இயலாது.

ஆனால் மண்ணே தேவைப்படாத நிலை வந்துவிட்டது. ஒரு பாக்டீரியாவின் மரபணு வரிசை பொதுத் தரவகத்தில் இருந்தால், சேர்மத்தைக் கட்டும் தொகுதியைக் கணினியில் அடையாளம் கண்டு, வேறொரு நுண்ணுயிரிக்குள் பொருத்தி உருவாக்கிப் பார்க்கலாம். இந்த இடைவெளியை நிரப்புவதற்காக, மரபணுத் தரவைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் 1 விழுக்காட்டையோ வருவாயில் 0.1 விழுக்காட்டையோ செலுத்துவதற்கென 2025 பிப்ரவரியில் பல்லுயிர் உடன்படிக்கையின் கீழ் கலி நிதியம் தொடங்கப்பட்டது. அதில் பாதியாவது பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. செலுத்துவது கட்டாயமன்று, நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.